அபிதகுசாம்பாள் வெற்றிலை போடாத இரவு

ஒரு கூத்து நன்றாக இருந்ததா இல்லையா என்பதை ஆரணி நெசவுத் தெருக்களில் யாரும் தாமாக முடிவு கட்டுவதில்லை. விடிய விடியக் கண் விழித்து, தீவட்டி அணையும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட, வீட்டில் கேட்டால், "இரு, அபிதக்கா இன்னா சொல்லுதோ பாக்கலாம்" என்பார்கள்.

பக்கத்தில் ரயில் ஓடத் தொடங்கி மூன்று நான்கு வருஷமே ஆகியிருந்த காலம் அது. அபிதகுசாம்பாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பாவு பிணைப்பது அவள் தொழில். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தாம் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் இழைகளின் நுனி, சீப்புபோன்ற அச்சில் கோத்தபடியே தொங்கும். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் பழைய நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கி மடித்துவிட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு அச்சில் தட்டும், பட்டு அறுந்துபோகும். ஒரு பாவுக்கு நாலாயிரம் இழைக்குக் குறையாது. ஒரு வீட்டில் உட்கார்ந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. அவ்வளவு நேரமும் வேலை கைக்குத்தான், வாய்க்கு இல்லை.

ஆகவே அவள் பேசினாள். நேற்று எந்த ஊரில் எந்தக் கூத்து, ராஜா எப்படி வந்தான், பெண் வேஷக்காரன் எந்த இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டான், எல்லாம் பாவோடு பாவாக வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை ஒரு தெருவில் சொன்னது வெள்ளிக்கிழமைக்குள் பத்துத் தெருவுக்கும் தெரிந்துவிடும். கூத்து ஜமாக்களுக்கு இது தெரியும். ஆரணிப் பக்கம் ஆட வருகிற வாத்தியார்கள் திரை பிடிப்பதற்கு முன்னால் பெண்கள் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்து, அவள் வந்திருக்கிறாளா என்று தெரிந்துகொண்டுதான் மத்தளத்தைத் தட்டச் சொல்வார்கள்.

அவளிடம் ஓர் அளவு இருந்தது. கூத்துக்குப் போகும்போது சுருக்குப்பையில் முப்பது வெற்றிலை எண்ணி வைத்துக்கொள்வாள். ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லையென்றால் கை தானாகப் பைக்குள் போகும். ஒட்டிவிட்டாலோ, மடித்த வெற்றிலை மடித்தபடியே கையில் வாடிப்போகும். எனவே வெற்றிலை குறையக் குறையக் கூத்து உசத்தி. அவள் ஆயுளிலேயே உசத்தியான கூத்து மூன்று வெற்றிலை. அதில் ஒன்று மழைத் தூறலுக்காகக் கூத்தை நிறுத்தியபோது போட்டது என்று ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொல்வாள்.

கலசப்பாக்கத்துப் பக்கம் அழுகைக்கென்றே பேர்போன ஒரு ஜமா இருந்தது. அதற்கு அவள் இருபத்தாறு கொடுத்தாள். எந்த வீட்டில் அதைச் சொன்னாளோ அந்த வீட்டு முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. தான் நேரில் பார்த்ததாகவும், கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வந்ததாகவும் சொன்னார்.

"நீங்க தீவட்டிக்கு நேரா உக்காந்துகினு இருந்தீங்க மொதலாளி," என்றாள் அபிதகுசாம்பாள், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது பொகைக்கு வந்த தண்ணி."

அளவு தலைகீழாக இருந்ததால் வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடவில்லை. ஒரு வாத்தியார் அவள் வெற்றிலையால் மதிப்புப் போடுகிறாள் என்பதை மட்டும் கேள்விப்பட்டு, கொழுந்தாகப் பார்த்து இரண்டு கவுளி வெற்றிலை அனுப்பிவைத்தார். அவள் மறுக்காமல் வாங்கிப் பையில் சேர்த்துக்கொண்டு, அந்த ஜமாவின் கூத்துக்கு மனதறிந்து முப்பத்தெட்டு கொடுத்தாள். அவள் இதுவரை கொடுத்ததில் அதுதான் அதிகம் என்று கேட்டு, அந்த ஊரில் ஒரு வாரம் கொண்டாடினார்களாம்.

இப்படி யாருக்கும் வளைந்து கொடுக்காதவளுக்குத்தான் அந்த வருஷம் ஆனி மாதம் சோதனை வந்தது. அது அவள் மருமகன் தசரதன் வடிவில் வந்தது.

தசரதன் கைசுத்தமான நெசவாளி. தேவிகாபுரத்து ஜமாவின் தங்கவேலு வாத்தியார் ஒருநாள் அவன் தறியில் பாடிக்கொண்டே நெய்வதைக் கேட்டுவிட்டு, ராஜா வேஷத்துக்கு இந்தக் குரல்தான் வேண்டும் என்று சொன்னார். அன்றிலிருந்து தசரதனுக்குத் தரையில் கால் பாவவில்லை. பாதி நெய்த புடவை தறியில் கிடக்க, இரண்டு மாதம் தேவிகாபுரத்துக்கு நடந்தான். ஆடி மாதம் அபிதகுசாம்பாள் தெருவில் அம்மனுக்குப் பத்து ராத்திரி கூத்து. எந்த ஜமாவைக் கூப்பிடுவது என்பதைத் தெருவின் பெரியதனக்காரர் தணிகாசலம்தான் சொல்ல வேண்டும். அவர் தேவிகாபுரத்து ஜமாவை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள களத்துமேட்டில் ஒரு ராத்திரி ஆடிக் காட்டச் சொல்லியிருந்தார். கொடிமலை ராஜா கதை. ராஜா வேஷம் தசரதனுக்கு.

அதற்கு முந்தின நாள் மகள் ரங்கம்மாள் தாயிடம் வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"அம்மா, ஒரே ஒரு ராத்திரி வெத்தல போடாம உக்காந்துகினு இரு. அது போதும்."

"உன் ஊட்டுக்காரரு நல்லா ஆடினா நானா போடமாட்டேன். இதைச் சொல்லவா கதவைச் சாத்தினே?"

ரங்கம்மாள் கதவு சாத்தியபடி இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, புருஷன் வீட்டில் ஆடிப் பழகியதைத் தான் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை. தாயும் கேட்கவில்லை.

"வாத்தியாரு அவருக்கு ராஜா வேஷம் குடுத்ததே நீ மாமியாரா இருக்கறதாலதான்," என்றாள் ரங்கம்மாள். "அது அவருக்குத் தெரியாது. கொரலுக்குக் குடுத்தாங்கன்னு நெனச்சிகினு இருக்காரு. தெரு கூப்புடலன்னா மறுநாளே கிரீடத்தக் கழட்டி வாங்கிகினு அனுப்பிடுவாங்க. அப்புறம் அவரு தறியிலயும் உக்காரமாட்டாரு, தெருவுலயும் தலை காட்டமாட்டாரு. நான்தான் அந்த மூஞ்சியப் பாத்துகினு இருக்கணும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"எங்க சொல்லச் சொன்னேன்? எத்தன போட்டியோ அத்தன சொல்லு. ஒண்ணும் போடலன்னா, ஒண்ணும் போடலன்னு சொல்லு."

அபிதகுசாம்பாள் ராத்திரி முழுவதும் யோசித்தாள். வெற்றிலை போடுவதும் போடாததும் தன் வாய், தன் இஷ்டம். போடாமல் இருந்துவிட்டுப் போடவில்லை என்று சொன்னால் அதில் பொய் எங்கே இருக்கிறது? இப்படி எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தும் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் விடிகாலையில் எழுந்தபோது, பிணைக்காமல் விட்ட இழை ஒன்று எங்கோ தொங்குகிற மாதிரி அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கூத்துக்கு அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். தறியிலிருந்து அறுத்த சூட்டோடு கட்டியது. முந்தானையில் இன்னும் குஞ்சம் முடியவில்லை, இழைகள் நீளநீளமாகத் தொங்கின. வழக்கம்போல் அவள் பக்கத்தில் சூசைமேரி வந்து உட்கார்ந்தாள்.

சூசைமேரி நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுகிறவள், மாதா கோயில் தெருக்காரி. அவள் சபையில் கூத்துப் பார்க்கக் கூடாது என்று உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனவே சூசைமேரி கூத்துப் பார்ப்பதே இல்லை. கட்டியிருக்கும் பழைய புடவையின் முந்தானையைக் கண் மட்டும் தெரிகிறாற்போல் தலையில் போர்த்திக்கொண்டு, பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, விடிகாலை மாதா கோயில் மணி அடித்ததும் முதல் ஆளாக எழுந்து ஜெபத்துக்கு ஓடிவிடுவாள். பத்து வருஷமாக இப்படித்தான் அவள் கூத்துப் பார்க்காமல் இருந்துவந்தாள்.

பூசை முடிந்து விபூதி கொடுத்தார்கள். அபிதகுசாம்பாள் நெற்றியில் பூசியது போக மீதியை மடியில் முடிந்துகொண்டாள். திரை விலகியது.

ராஜா வந்தார். குரல் கணீரென்று நன்றாகவே இருந்தது. கால்தான் வில்லங்கம். தசரதனின் கால்கள் பத்து வயதிலிருந்து தறிக்குழியில் மிதிபலகை மிதித்த கால்கள். இடது, வலது, இடது, வலது. அவற்றுக்கு வேறொன்றும் தெரியாது. ராஜா தர்பாருக்கு வந்தாலும் இடது, வலது. ராணியைப் பார்த்து மயங்கினாலும் இடது, வலது. வாளை எடுத்தால் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிந்து எறிந்து பிடித்தார். தறியில் ஊடைநூலோடு நாடா எறிகிற பழக்கம். கூட்டத்தில் முக்கால்வாசி நெசவாளிகள். அவர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? கொடிமலை ராஜா நாட்டை ஆளவில்லை, நெய்துகொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு மொழம் நெஞ்சா பொடவ முடிஞ்சிடும்," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அபிதகுசாம்பாளின் கை பைக்குள் போயிற்று. அதை அவள் இழுத்து மடியில் வைத்தாள். அது மறுபடியும் போயிற்று. மறுபடியும் இழுத்தாள். வாயில் எச்சில் ஊறியது. சூசைமேரிக்கு முதல் அரைமணியிலேயே சங்கதி புரிந்துவிட்டது.

"இன்னா அபிதா, பல்வலியா?"

"அதெல்லாம் இல்ல. ஆட்டத்தப் பாரு."

"ஆட்டம்தான் ரொம்ப நல்லாக்கீதே. அதான் வெத்தல ஞாபகமே வரல உனக்கு." சொல்லிவிட்டு சூசைமேரி தன் பையிலிருந்து ஒரு தளிர் வெற்றிலையை எடுத்தாள். காம்பைக் கிள்ளினாள். முதுகைத் துடைத்தாள். சுண்ணாம்பை ஒரு விரல் தடவி, பாக்கு வைத்து, நிதானமாக மடித்து, அபிதகுசாம்பாளின் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி அவள் இதையே பதினொரு தடவை செய்தாள்.

அபிதகுசாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு ராஜாவையே பார்த்தாள். வாயை அடக்க முடிந்தது. கையை அவள் கவனிக்கவில்லை. முப்பது வருஷமாக ஒரு நாழிகைகூடச் சும்மா இருந்தறியாத கை அது. அதன் கீழே, மடியில், அவளுடைய புது முந்தானையின் இழைகள் கிடந்தன. சூசைமேரி தலையில் போர்த்தியிருந்த புடவையின் நைந்த முந்தானையும் தோளிலிருந்து சரிந்து அதே மடியில் கிடந்தது. பக்கத்திலேயே விபூதி.

விடியும் நேரத்தில் ராஜா சண்டையில் வெல்ல, மங்களம் பாடத் தொடங்கினார்கள். ஆற்றைத் தாண்டி ஊர்ப் பக்கமிருந்து மாதா கோயில் மணி கேட்டது. சூசைமேரி வழக்கம்போல் விருட்டென்று எழுந்து ஓடினாள்.

இரண்டு எட்டு வைத்திருப்பாள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தாற்போல் நின்றாள். உபதேசியார்தான் வந்து பிடித்துவிட்டார் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே இன்னும் பலமாக இழுத்தாள். அபிதகுசாம்பாள் உட்கார்ந்தபடியே தரையில் ஒரு முழம் வந்தாள். பிறகு எழுந்து, நிலை தவறி, சூசைமேரியின் மேல் மோதினாள். இரண்டு பேருமாகப் போய்த் திரையில் விழுந்தார்கள். திரை பிடித்திருந்தவர்கள் கதையில் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது போலிருக்கிறது என்று விலகி வழி விட்டார்கள்.

தீவட்டி பக்கத்தில் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, இரண்டு பெண்பிள்ளைகளின் முந்தானையும் இழைக்கு இழை, விபூதி தொட்டு, முறுக்கி, மடித்து, தறியில் ஏற்றினால் அப்படியே நெய்யலாம் என்கிற சுத்தத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. நெசவாளிகள் அல்லவா, பிணைப்பைத்தான் பார்த்தார்கள். தணிகாசலம் குனிந்து ஓர் இழையை இழுத்துப் பார்த்தார். விடவில்லை. பிறகு பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணி முடிக்கும்வரை மத்தளக்காரர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எறநூத்திப் பதினேழு," என்றார் தணிகாசலம். "அபிதா, வெத்தல எத்தன?"

"ஒண்ணும் போடலீங்க."

"அது எனக்குத் தெரியும். ராத்திரி பூரா உன்னைத்தான் பாத்துகினு இருந்தேன். போடவும் இல்ல, போடாம இருக்கவும் முடியல. அதான் கேக்கறேன். வெத்தலய நம்பறதா, இந்த எறநூத்திப் பதினேழ நம்பறதா? நீ எதைச் சொல்றியோ அதை வெச்சிதான் தெரு ஆடிக் கூத்துக்குத் தாம்பூலம் குடுத்து அழைக்கும்."

தங்கவேலு வாத்தியார் நின்றார். அவருக்குப் பின்னால் முகத்துச் சாயம் பாதி வழிந்த நிலையில், கிரீடத்தைக் கையில் பிடித்தபடி, தசரதன் நின்றான். பெண்கள் கூட்டத்திலிருந்து ரங்கம்மாள் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைதான் சரி, கை என்னவோ தூக்கத்தில் செய்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடலாம் என்று அபிதகுசாம்பாள் வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் தன் பிணைப்பைப் பார்த்துக்கொண்டே அது தூக்கத்தில் செய்த வேலை என்று அவளால் சொல்ல முடியவில்லை. இழை இழையாக அது கெட்டியாக இருந்தது.

மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. அவள் மகளைக் கூப்பிட்டாள்.

"ரங்கம்மா, இங்க வா. உன் ஊட்டுக்காரரு காதுல விழட்டும். இந்த ஓரத்துலதான் நான் ஆரம்பிச்சிருக்கேன். ராஜா தர்பாருக்கு வந்த நேரம். பாரு, எழைய எவ்ளோ இறுக்கி முறுக்கியிருக்கேன். எனக்கு அவ்ளோ கோவம். இந்த எடத்துல தளந்து கெடக்கு. ராணிகிட்ட ராஜா பேசறப்போ. தூங்கிவிழுந்திருக்கேன். இங்க மறுபடியும் இறுக்கம். சண்டை. கத்திய நாடா மாதிரி எறியறதப் பாத்து வந்த எரிச்சல். கொரல் நல்ல கொரல்தான். ஆனா ராஜா வேஷம் அவருக்கு ஆவாது. எறநூத்திப் பதினேழும் நெசம்."

ரங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தசரதன் கிரீடத்தை வாத்தியாரிடம் நீட்டினான். அவரும் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"இருங்க," என்றாள் அபிதகுசாம்பாள் வாத்தியாரிடம். "இன்னும் முடியல."

அவள் முந்தானையைத் தீவட்டி பக்கம் திருப்பிக் காட்டினாள். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பிணைப்பும் இல்லை. இரண்டு பக்கத்து இழையும் தொடாமல் கிடந்தன.

"இது எந்த நேரம்னு பாருங்க," என்று அவள் தணிகாசலத்திடம் சொன்னாள்.

எல்லோரும் யோசித்தார்கள். யோசித்து முடிப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கினார்கள்.

நடு ராத்திரியில் ராஜாவின் கிரீடம் கழன்று மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டிருந்தது. வேர்வையில் முகத்துச் சாயமும் ஓடத் தொடங்கியது. வேறு ஒருவனாயிருந்தால் திரைக்குப் பின்னால் ஓடியிருப்பான். தசரதன் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வேஷம் கட்டியிருந்த கிழவர், கூத்தை ஒப்பேற்றுவதற்காக, ராஜாவே, முகத்தில் சாயம் போகிறதே என்று கேட்டார். தசரதன் ஆரணிப் பட்டு முதலாளிபோல ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டு, "கெட்டிச் சாயம் ஐயா. வாங்கறப்ப நல்லாத்தானே இருந்திச்சு? நீர் தண்ணியில நனச்சா நான் இன்னா பண்ணறது? ஒரு தடவ கட்டினத் திருப்பி எடுக்கறதில்ல," என்று சொல்லி, தன் முகத்தையே ஒரு புடவைபோல் விரித்துக் காட்டி, இது கறை இல்லை, கரை என்று சாதித்தான். பிறகு வாங்குகிறவராகவும் அவனே மாறி, கன்னத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை எண்ணி, உதட்டைப் பிதுக்கினான். அரை நாழிகை அப்படி ஓடியது. அவ்வளவு நேரமும் கால் இடது வலது மிதிக்க மறந்துபோயிருந்தது.

"அந்த அர நாழி என் கை நின்னுபோச்சு. மறுபடி எடுத்தப்போ விட்ட எடம் தெரியாம நாலு வெரல் தள்ளிப் பிடிச்சிருக்கு," என்றாள் அபிதகுசாம்பாள். "முப்பது வருசத்துல எந்தக் கூத்துலயும் என் கை அப்பிடி நின்னதில்ல. வெத்தல கணக்குல சொன்னா அதுக்கு ஒண்ணும் இல்ல. இது நெசமாவே ஒண்ணும் இல்ல. அவரு கட்டியக்காரன் கட்டட்டும். அப்ப தாம்பூலம் குடுங்க. ராஜாவா கட்டினா குடுக்காதீங்க."

கட்டியக்காரன் வேஷக்காரக் கிழவர்தான் முதலில் வாயைத் திறந்தார். இருபது வருஷமாக ராஜா வேஷத்துக்குக் காத்துக்கொண்டிருப்பதாகவும், தனக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். தணிகாசலம் அந்தப்படியே தாம்பூலத் தட்டை நீட்டினார். வாத்தியார் வாங்கிக்கொண்டார். தசரதன் யாரையும் பார்க்காமல் சாயத்தோடேயே வீட்டுக்கு நடந்துவிட்டான்.

இதற்குள் மாதா கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிட்டது. முந்தானையை அறுக்கலாம் என்று யாரோ கத்தி கொண்டுவந்தார்கள். சூசைமேரி, தனக்கு இருப்பதே இரண்டு புடவை, அறுக்க விடமாட்டேன் என்று புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆகவே அன்று காலை ஜெபத்துக்கு அபிதகுசாம்பாளும் போனாள். வேறு வழியில்லை. சூசைமேரி உள்ளே முழங்காலில் நிற்க, இவள் வாசற்படிக்கு வெளியே, இருநூற்றுப் பதினேழு இழை நீளத்தில் நின்றாள். உபதேசியார் ஜெபத்துக்கு நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இழையைப் பார்த்தார். இழையில் இருந்த விபூதியையும் பார்த்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலைப் பெருக்க வேண்டும் என்று சூசைமேரிக்குத் தண்டனை கிடைத்தது. அவள் பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே, ஜெபத்துக்கு வந்த பெண்களுக்குக் கொடிமலை ராஜா கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தாள்.

ஜெபம் எப்படி இருந்தது என்று தெருவில் கேட்டவர்களுக்கு அபிதகுசாம்பாள், "ரெண்டு வெத்தல" என்றாள்.

தசரதன் பதினைந்து நாள் மாமியார் வீட்டுப் பக்கம் வரவில்லை. தறியில் உட்கார்ந்து, பாதியில் கிடந்த புடவையை நெய்து முடித்தான். முடித்த அன்று ரங்கம்மாளிடம், ராஜா என்பவன் ஒரே மாதிரி நடக்க வேண்டியவன், அதில் மனிதனுக்கு என்ன சுகம் என்று தானாகவே சொன்னான். ரங்கம்மாள் ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டாள்.

ஆடித் திருவிழாவில் மூன்றாம் நாள் கூத்து. திரை விலகியதும் கட்டியக்காரன் புடவை கட்டிக்கொண்டு வந்தான். தலையில் கொண்டை, வாயில் அதக்கிய வெற்றிலை, நெற்றி நிறைய விபூதி. ஓரத்தில் உட்கார்ந்து, ராஜாவைப் பார்த்து உதட்டைச் சுழித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற தாளக்காரரின் வேட்டி நுனியையும் தன் முந்தானையையும் இழை இழையாகப் பிணைக்கத் தொடங்கினான். பத்துத் தெருவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தாளக்காரர் எழுந்தபோது நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. தணிகாசலம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அபிதகுசாம்பாள் பாவு பிணைக்கப் போன வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். எத்தனை வெற்றிலை என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஐந்நூறு இழை ஆயிற்று. ஆயிரம் ஆயிற்று. கோபித்துக்கொண்டாள் என்று முடிவு செய்து ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மத்தியானம் ரங்கம்மாள் கூழ் கொண்டுவந்தாள். தயங்கித் தயங்கி, அவர் விளையாட்டுக்குத்தான் செய்தார், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள்.

"நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல," என்றாள் அபிதகுசாம்பாள். "உன் ஊட்டுக்காரருகிட்ட ஒண்ணு சொல்லு. நேத்து அவரு எடது கையால சாம்பல் தொட்டாரு. நான் எப்பவும் வலது கையாலதான் தொடுவேன். எடது கை எழையப் பிடிச்சிக்கும். அப்பறம், முறுக்கினதும் நுனிய மடிக்கவே இல்ல. மடிக்கலன்னா அது பிணைப்பே இல்ல. பாக்கறவங்க என்னைப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

அன்று ராத்திரி கட்டியக்காரன் வலது கையால் சாம்பல் தொட்டான். முறுக்கினான். பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நுனியை மடித்தான்.